வெள்ளி சாக்ஸும் அவர் காதும்

என் வீட்டுக்காரரின் வெள்ளி சாக்ஸபோனை, எங்கள் பேச்சில் வெள்ளி சாக்ஸை, யார் பார்த்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்ததும் கை தானாகப் போகும். சத்தம் வெளியே வருகிற அகன்ற வாய்ப் பக்கத்தில் பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். அந்தக் கொடியை ஒரு விரலால் தடவிவிட்டு, "இந்த மாதிரி இப்ப எவன் செய்யறான்" என்பார்கள். கோடம்பாக்கத்தில் ரிக்கார்டிங்குக்கு வாசிக்கிறவர்கள்கூட இரும்புலியூரில் எங்கள் வீடு வரைக்கும் வந்து தடவிவிட்டுப் போனதுண்டு. நான் காபி டம்ளர்களைக் கதவோரம் வைப்பேன், என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார். ஆம்பிளைகள் உட்கார்ந்து பேசுகிற இடத்துக்குள் நுழைய எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

அந்த வாத்தியம் பல்லாவரத்திலிருந்து வந்தது. அங்கே இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரரிடம் விட்டுப்போனார். அமெரிக்காவில் செய்தது, பெரிய சண்டைக்கெல்லாம் முந்தியது, கார்டின் அப்பா பட்டாளத்தில் வாசித்தது. "இது உன்னைவிட வயசில பெரியவன் மேன், மரியாதை குடு" என்று சொல்லிக் கொடுத்தாராம். இவரும் அப்படித்தான் வைத்திருந்தார். அலமாரி மேல் அதற்கென்று ஒரு இடம், கீழே ஒரு துண்டு. அந்த இடத்தில் நான் வேறு எதையும் வைத்ததில்லை.

பகலில் அவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற அந்த இடத்தில் அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பாட்டுப் பார்ட்டியோடு ஏறுகிற கல்யாண ரிசப்ஷன் மேடையில்தான் அவருக்குப் பேர். அந்தப் பேரும் அவருடைய சொந்தப் பேர் இல்லை. "வெள்ளி சாக்ஸ்காரர்" என்றுதான் தாம்பரம் முழுக்கத் தெரியும்.

அந்த வாத்தியத்துக்கு என்னால் ஆன வேலை ஒன்று உண்டு. சாக்ஸில் விரல் அமுக்குகிற ஒவ்வொரு மூடிக்கு அடியிலும் ஒரு வட்டத் தோல் மெத்தை இருக்கும். பேட் என்பார்கள். அது சரியாக மூடாவிட்டால் காற்று கசியும், சத்தம் உடையும். பழைய சாக்ஸுக்கு அளவான பேட் கடையில் கிடைக்காது. அதனால் நான்தான் செய்வேன். பக்கத்து வீட்டு அக்கா தோல் கம்பெனியில் வேலை செய்தார். செருப்புக்கு உள்ளே ஒட்டுகிற மெல்லிய ஆட்டுத் தோலில் வெட்டி எறிகிற துண்டுகளைக் கொண்டுவந்து தருவார். தாம்பரம் சந்தையில் வாங்கின பழைய பட்டாளத்துக் கம்பளி நடுவில். அடியில் விறைப்புக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. பார்ட்டிக்காரர் வீடு இல்லையா, பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. அரக்கை மெழுகுவத்தியில் உருக்கி ஒட்டி, குழலுக்குள்ளே சின்ன டார்ச் பல்பை விட்டு, புடவையால் தலையை மூடிக்கொண்டு பார்ப்பேன். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் மறுபடி பிரித்து ஒட்டுவேன்.

எங்கள் பார்ட்டியின் தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மேற்குத் தாம்பரத்தில் வீடு. காலால் மிதித்து வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் ஒன்று அவரிடம் இருந்தது, அவர் அப்பா காலத்தது. கிடாரும் வயலினும் அதை வைத்துத்தான் சுதி சேர்த்துக்கொள்ளும். என் வீட்டுக்காரருடைய சாக்ஸ் அதோடு சேர்ந்தால் பாலில் சர்க்கரை கரைந்த மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், மாஸ்டரின் மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் கீபோர்டு ஒன்றோடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஆராதனை முடிந்து என் வீட்டுக்காரரோடு நானும் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாஸ்டர் சம்சாரத்துக்குச் சமையலில் ஒத்தாசை. முன்னறையில் எல்லாரும் கீபோர்டைச் சுற்றி நின்றார்கள்.

"வயலினும் இதுக்குள்ள கீது, புல்லாங்குழலும் இதுக்குள்ள கீது. அப்ப நாங்கள்லாம் எதுக்குண்ணே?" என்றார் கிடார் வாசிக்கிறவர்.

"பிரியாணி சாப்பிட" என்றார் மாஸ்டர்.

சிரித்தார்கள். கிடார்காரர் தந்தியை முறுக்கிச் சுதி சேர்த்தார். பாட ஆரம்பித்தார்கள். சாக்ஸ் உள்ளே நுழைந்தது.

தேங்காய் துருவும்போது பல் ஓட்டில் பட்டால் உடம்பு கூசுமே, அப்படி இருந்தது. மாஸ்டர் சம்சாரம் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"அண்ணே, கொஞ்சம் ஏறி கீது" என்று கிடார்காரர் குரல் கேட்டது.

வாயில் வைக்கிற கட்டையை வெளியே இழுத்தால் சாக்ஸின் சுதி இறங்கும். இழுத்தார் போல. மேலே உள்ள சுரங்கள் சேர்ந்தன. கீழே வந்ததும் பாட்டு ஒரு பக்கம், சாக்ஸ் ஒரு பக்கம். இன்னும் இழுத்தார். இப்போது கீழே சேர்ந்தது, மேலே ரொம்ப இறங்கிவிட்டது. ஒரு இடத்தை நேராக்கினால் இன்னொரு இடம் கோணியது.

"என்னப்பா, வெள்ளிக்கு ஜப்பான்காரனைப் பிடிக்கலயா?" என்று மாஸ்டர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

மாப்பிள்ளை சாக்ஸைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு பேட்டின் ஓரம் கிழிந்திருந்தது. "இது என்ன மாமா, உள்ள எழுத்து தெரியுது? சிரஞ்சீவின்னு போட்டிருக்கு. கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஒட்டியிருக்காங்களா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. "அதான், பொண்ணு மாப்ளயப் பிரிச்சிட்டாங்க, எப்டி சேரும்" என்றார் கிடார்காரர். அவர் மனசில் ஒன்றும் கிடையாது, எதைச் சொன்னாலும் சிரிக்கச் சொல்வார். எனக்குத்தான் காது மடல் சுட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எல்லா பேட்டையும் மாத்து" என்றார்.

மாற்றினேன். ஒன்று விடாமல் பிரித்து, புதுத் தோல், புதுக் கம்பளி, எழுத்தில்லாத அட்டை. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் தலைக்கு மேல் வந்து நிற்பார். அரக்கு கையில் சொட்டினாலும் உஸ் என்று சொல்ல பயமாக இருக்கும். டார்ச் பல்பை விட்டு அவரையே பார்க்கச் சொன்னேன். எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

அடுத்த ஞாயிறும் அதே கோணல்தான்.

பிறகு நாகஸ்வரச் சீவாளி மாதிரி இருக்கிற ரீடை மாற்றினார். வாய்க்கட்டையை மாற்றினார். கழுத்துக் குழாயில் நூல் சுற்றிப் பார்த்தார். எதுவும் உதவவில்லை. மாற்ற இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் அவர் முகம் வேறு மாதிரி ஆனது. எனக்குப் புரிய நாள் பிடித்தது. சாக்ஸ் தப்பாக இருக்க முடியாது, அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஸ்டுடியோக்காரர்களே வந்து தடவிப் பார்க்கிற வாத்தியம். கீபோர்டும் மெஷின், தப்புப் பண்ணாது. அப்படியானால் மிச்சம் இருப்பது நடுவில் இருக்கிற மனுஷன்.

"எனக்குக் காது போயிடுச்சு போல" என்றார் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

பாட்டுக்காரனுக்குக் காது போவது என்றால் செவிடாகிறது இல்லை. யார் கூப்பிட்டாலும் கேட்கும், ரயில் வந்தால் கேட்கும். ஆனால் சேர்ந்திருக்கிறதா, சேரவில்லையா என்பது தெரியாமல் போகும். அவருடைய கூட்டாளி ஒருவருக்குச் சர்க்கரை வியாதியில் அப்படி ஆனது. தான் தப்பாக வாசிக்கிறோம் என்றே தெரியாமல் அவர் மேடையில் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருப்பாராம், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்களாம். அந்தக் கதையை என் வீட்டுக்காரரே எனக்குச் சொல்லியிருந்தார்.

தாம்பரத்தில் காது டாக்டரிடம் போய்வந்தார். அழுக்கு மட்டும் எடுத்தாராம், காது நன்றாக இருக்கிறது என்றாராம்.

"அப்புறம் என்ன?" என்றேன்.

"டாக்டருக்குச் சுதி தெரியுமா?" என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அலமாரியைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவில் சாக்ஸை நுழைத்து, சத்தம் வெளியே போகாமல் வாசிப்பார். தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாது. உதடு வெடித்து ரீடில் ரத்தம் இருக்கும். ஒரு மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்து, தண்ணீர் குடிக்கிற டம்ளர்களை வரிசையாக வைத்தார்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். ரெண்டைத் தட்டு."

கரண்டியால் தட்டினேன்.

"முதல்ல தட்டினது ஏறினது. ரெண்டாவது இறங்கினது. சரியா?"

"சரி."

"எனக்காகச் சொல்லாதே."

"நிஜமாத்தான்."

இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று தட்டச் சொன்னார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டச் சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னார். சரியாகச் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம்தான் கூடியது. "டம்ளர்ல வருது. மேடையில வரல" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாதம் குழைந்துவிட்டது.

பார்ட்டியிலும் அவர் மாறிப்போனார். முன்பெல்லாம் யாருடைய தந்தி கொஞ்சம் நகர்ந்தாலும் விட மாட்டார், பாட்டு நடுவிலேயே திரும்பி முறைப்பார். இப்போது யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. மைக்கை விட்டுத் தள்ளி நின்று, காற்றே போகாத மாதிரி வாசித்தார். பாடுகிற பெண் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். "இப்பல்லாம் தொண்டை வலிக்கறதே இல்லக்கா, மேல ஈஸியா போவுது. மிளகுப் பால் குடிக்கிறேன், அதான்" என்றாள் என்னிடம். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகை முடிகிற சமயம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அபூர்வம். நான் வழக்கம்போல் கதவுக்கு உள்ளே நின்றேன்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு மாஸ்டர்."

"தையில குரோம்பேட்டை ரிசப்ஷன். பெரிய இடம், காது உள்ளவங்க வருவாங்க. மாப்ள ஜப்பான் சாக்ஸ் ஒண்ணு புதுசா தருவிச்சிருக்கான். வாசிக்க ஆவடியில ஒரு ஆளைக் கேட்டு வச்சிருக்கேன்."

இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானு?"

"நீ ரெஸ்ட் எடு. காதுக்கு நல்லா வைத்தியம் பாரு."

"அந்தப் புதுசை நானே வாசிச்சுப் பார்த்தா?"

மாஸ்டர் சிரிக்காமல்தான் சொன்னார். "உன் கையில இருக்கறது தங்கம்ப்பா. தங்கத்துலயே வரலன்னா பித்தளையில வருமா? வாத்தியத்தை மாத்தினா காது மாறுமா?"

அந்த வாத்தியத்தைப் புகழ்ந்து எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் புகழ்ச்சி கத்தி மாதிரி இருந்தது. சாக்ஸ் எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்கு இவர் தப்பு என்று ஆகிப்போனது.

"தை வரைக்கும் டைம் குடு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. "பாப்போம்" என்றார் மாஸ்டர். காபியை முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனார்.

எங்கள் தெருக்கோடியில் சின்ன ஜெபக்கூடம் ஒன்று உண்டு. கீபோர்டு வந்த பிறகு மாஸ்டர் தன் ஆர்மோனியத்தை அதற்குக் கொடுத்திருந்தார். அதை வாசிக்கிறவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அண்ணனை வாசிக்கச் சொல்லுங்கள் என்று அடிபம்பில் என்னிடம் கேட்டார். நான் வந்து சொன்னதும், "கோயில்லயும் போய் அசிங்கப்படணுமா?" என்றார் இவர். டீச்சர் விடவில்லை, வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னண்ணா, சினிமாப் பாட்டுன்னா மேடையேறுவீங்க, சாமி பாட்டுன்னா கூச்சமா?"

இவர் பெட்டியை எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைத் தனியாக அனுப்ப மனசில்லை. கூடவே போய் பெண்கள் பாயில் ஓரமாக உட்கார்ந்தேன். மத்தியான வெயில் ஓட்டுக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக் குழுவில் பாதிப் பேர் எங்கள் தெருப் பெண்கள். இவர் சுவரோரம், எல்லாருக்கும் பின்னால் நின்றார். நான் என் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் மிதித்தார். கீர்த்தனை ஆரம்பித்தது. முதல் அடி முழுக்க இவர் வாசிக்கவே இல்லை. இரண்டாவது அடியில், பயந்து பயந்து, ஒரு சுரத்தை மட்டும் விட்டார்.

சேர்ந்தது.

அடுத்ததை விட்டார், அதுவும் சேர்ந்தது. மேலே போனார். எங்கே ஆர்மோனியம் முடிகிறது, எங்கே சாக்ஸ் தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அந்தச் சின்னக் கூடம் நிறைந்து ததும்பியது. பாடுகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"ஏன்ணா நிறுத்திட்டீங்க? நான் தப்பா போட்டேனா?"

"இல்லம்மா. அந்தக் கட்டையையே மிதிச்சுப் பிடிச்சிக்க. விட்டுடாதே."

டீச்சர் பிடித்துக்கொண்டார். இவர் அதே சுரத்தை ஊதினார், நிறுத்தினார், ஊதினார். கேட்கிறவர்களுக்கு அலுத்துப்போகிற அளவுக்கு. எனக்கு அலுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது அவர் நடையை என்னால் பிடிக்க முடியவில்லை. "காது இருக்குடி" என்றார் திரும்பாமலே. தெரு பாதி வந்ததும் அந்த நடை நின்றுபோனது. கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காது சரி என்றால், கீபோர்டோடு சேராதது இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான். வீட்டுக்கு வந்து பெட்டியை அலமாரி மேல் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு மாஸ்டரையும் மாப்பிள்ளையையும் கிடார்காரரையும் கீபோர்டோடு ஆட்டோவில் ஜெபக்கூடத்துக்கே வரவழைத்துவிட்டார். "என்னப்பா, ஞானஸ்நானம் குடுக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் இறங்கினார். இவர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கி மிதித்தார். கீபோர்டில் அதே கட்டையை மாப்பிள்ளையை அமுக்கச் சொன்னார்.

இரண்டும் சேரவில்லை. ஆர்மோனியம் மேலே நின்றது.

மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். வேறு கட்டையை அமுக்கினார்கள். அதுவும் அப்படியே. மாப்பிள்ளை ஒரு பொத்தானைத் தட்டிக் கீபோர்டின் சுதியை அரைக் கட்டை ஏற்றினார். இப்போது கீபோர்டு மேலே போய்விட்டது. ஆர்மோனியம் இரண்டுக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல் நின்றது. பிறகு இவர் சாக்ஸை எடுத்து ஆர்மோனியத்தோடு ஊதிக் காட்டினார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ரெண்டும் ஒரே காலத்துச் சரக்கு" என்றார். "பட்டாளத்துப் பேண்டுக்குன்னு ஒசந்த சுதியில செய்வான், அப்பல்லாம் ஆர்மோனியமும் அதே சுதிதான்னு எங்கப்பா சொல்லுவார். நான்தான் மறந்துட்டேன்."

"அப்போ நானு மட்டும் எப்டிண்ணே சேர்ந்தேன்?" என்றார் கிடார்காரர்.

"நீ இறக்கிக்கிட்ட."

"நானா? நான் எப்பண்ணே இறக்கினேன்?"

"கீபோர்டு வந்த அன்னிக்கு. தினம் முறுக்கறவன் நீ, ஏத்தினியா இறக்கினியான்னு உனக்கே தெரியாது. வயலினும் அப்படித்தான். பாடுற பொண்ணும் அப்படித்தான். எல்லாரும் சேர்ந்து எறங்கிட்டோம், எவனுக்கும் தெரியல. இது உலோகம், எறங்க முடியல."

அந்தப் பெண்ணின் மிளகுப் பால் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாஸ்டர் என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "உன் காதைச் சொன்னேன்ப்பா. தப்பு. ஆவடி ஆளை வேணாம்னு சொல்லிடறேன். ஜப்பானை நீயே வாசி."

இவர் சாக்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

காது நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. புது சாக்ஸ் வந்து பெஞ்சில் இருந்தது. மஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அவர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "வெள்ளி சாக்ஸ்காரர் வர்றாருன்னு கூப்பிடறாங்க. இதைத் தூக்கிட்டுப் போனா நான் யாரு?" என்றார். அவர் காலையில் வேலைக்குப் போன பிறகு, யாரும் இல்லாதபோது, நான்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே இடம், பேட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி, மெஷினில் செய்தது. என் டார்ச் பல்பை உள்ளே விட்டுப் பார்த்தேன். கசிவே இல்லை. நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. அதைச் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் வாத்தியத்தைக் கையில் எடுத்தார்.

முதல் சில நாள் விரல் பழைய இடத்துக்கே போய்த் தடுமாறியது. வெள்ளி சாக்ஸில் இடது சுண்டுவிரலுக்கு ரொம்ப வேலை, எட்டி அழுத்த வேண்டும். அதனால் அவருக்கு அந்த விரல் வளைந்தே போயிருந்தது. புதுசில் விரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே கட்டை இருந்தது. வேகமான இடங்கள் தானாக உருண்டன. சத்தம் என்று பார்த்தால், நான் சமையல்கட்டிலிருந்து கண்ணை மூடிக் கேட்டுச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றில்லை. பழசின் குரலில் சதை இருக்கும், கொஞ்சம் கரகரப்பு, பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி. புதுசு கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி சுத்தம், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பேசும். எனக்குப் பழசுதான் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இத்தனை வருஷம் கேட்டுப் பழகினதாலோ என்னவோ, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்றைக்கும் பழைய சாக்ஸ் உசத்தியா புதுசா என்று என் பேரப்பிள்ளைகளின் சிநேகிதர்கள் பேசிக் கேட்கிறேன். பழசின் பேர் முழுக்கப் பொய் இல்லை. அந்தக் குரல் நிஜம். ஆனால் அந்தப் பேருக்கு முன்னால் ஒரு மனுஷன் தன் காதையே தப்பென்று நம்பி, அலமாரிக்குள் தலையை விட்டு வாசித்தார். எந்த வாத்தியத்துக்கும் அவ்வளவு பேர் ஆகாது.

தை மாதம் குரோம்பேட்டை மண்டபம். நான் மாஸ்டர் சம்சாரத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இவர் மஞ்சள் சாக்ஸோடு ஏறினதும் முன்னால் யாரோ, "என்ன சார், வெள்ளி எங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் கேட்காத மாதிரி, மைக்கை விட்டுத் தள்ளி நின்றார். கீபோர்டு ஆரம்பித்தது, பாடுகிற பெண் ஆரம்பித்தாள். சாக்ஸ் நுழைகிற இடம் வருகிறது என்று எனக்குத் தெரியும். காது சரி என்று ஜெபக்கூடத்தில் தெரிந்தது வேறு. இத்தனை பேருக்கு முன்னால், இந்தக் கீபோர்டோடு, இன்னும் தெரியவில்லை.

நுழைந்தார். முதல் சுரத்தை, பாட்டு கேட்டதைவிட நீளமாகப் பிடித்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் "விடு" என்று கையைக் காட்டினார். கூசவில்லை. அந்தத் தேங்காய் ஓட்டுக் கூச்சம் எங்கேயும் இல்லை. மாஸ்டர் சம்சாரம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அதற்குப் பிறகு நான் பாட்டைக் கவனிக்கவில்லை, அவர் நிற்கிற இடத்தைத்தான் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மைக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

கடைசிப் பந்தியில் பார்ட்டிக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாங்கள் எதிர் வரிசை. இவர் சாதத்தைப் பிசையாமல் கிடார்காரர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது பாட்டுல உன் மூணாவது தந்தி ஏறியிருந்தது."

"இன்னாண்ணே?"

"மூணாவது தந்தி. சரணத்துல. கவனிக்கவே இல்ல நீ."

"ஏறலண்ணே."

"ஏறியிருந்தது."

கிடார்காரர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"ஆரம்பிச்சிட்டாருப்பா" என்றார் கிடார்காரர். "இத்தினி நாளு நிம்மதியா இருந்தேன்."

என் வீட்டுக்காரர் சாம்பார் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டார்.